படம் சேருங்கள், பாதுகாக்கவும் பழகுங்கள்!



தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் என்று எதையாவது சேர்க்கும் பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். இந்த வாரம் இன்னொரு சேகரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். உலகப் பாரம்பரியச் சின்னங்களின் படம் அச்சிட்ட அஞ்சலட்டைகளைச் சேர்ப்பதுதான் அது. செலவு குறைவு. ஒரு பழைய ஷூ பெட்டி இருந்தால் போதும். அதற்குள் உலகமே அடங்கிவிடும்!

உலகப் பாரம்பரியச் சின்னம் என்றால் என்ன? அதற்கு ஒரு கதை உண்டு. கதையல்ல, நடந்த செய்தி.

எகிப்து நாட்டில் நைல் நதிக்கரையில் அபு சிம்பெல் என்ற இடத்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, இரண்டாம் ராம்சேஸ் என்ற மன்னர் மலையைக் குடைந்து கோயில் கட்டினார். 1960ஆம் ஆண்டு அஸ்வான் என்ற ஊரில் பெரிய அணை கட்டத் தொடங்கினார்கள். அணையில் நீர் நிரம்பினால் கோயில் மூழ்கிவிடும். விவசாயத்துக்குத் தண்ணீரும் வேண்டும், கோயிலும் வேண்டும். என்ன செய்வது?

யுனெஸ்கோ நிறுவனம் உலக நாடுகளிடம் உதவி கேட்டது. சுமார் 50 நாடுகள் கை கொடுத்தன. 1964 முதல் 1968 வரை அந்தக் கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்பாளங்களாக அறுத்து, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மறுபடி அப்படியே அடுக்கினார்கள். ஆண்டுக்கு இரண்டு நாள் காலைக் கதிர் கருவறை வரை செல்லும் அதிசயம் அங்கே உண்டு. இடம் மாறிய பிறகும் அது தொடர்கிறது!

ஒரு நாட்டின் செல்வத்தைக் காப்பது எல்லா நாடுகளின் கடமை என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. 1972இல் அது ஓர் உலக ஒப்பந்தமாகவே ஆயிற்று. 2025ஆம் ஆண்டுக் கூட்டத்துக்குப் பிறகு பட்டியலில் இருப்பவை 1,248 இடங்கள். அவற்றில் 44 நம் இந்தியாவில் உள்ளன.

நம் தமிழ்நாட்டிலிருந்தே உங்கள் சேகரிப்பைத் தொடங்கலாம். மாமல்லபுரம் 1984இலும், தஞ்சைப் பெரிய கோயில் 1987இலும் பட்டியலில் சேர்ந்தன. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் தஞ்சையோடு இணைந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மலையேறும் நீலகிரி ரயில் 2005இல் இடம்பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலை 2012இல் சேர்ந்தது. 2025இல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தபோது அவற்றில் ஒன்றாக நம் செஞ்சிக் கோட்டையும் வந்தது.

அட்டைகள் எங்கே கிடைக்கும்? சுற்றுலா இடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் விற்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடமும் கேளுங்கள். சித்தப்பா சிங்கப்பூரில் இருந்தால் அங்குள்ள தாவரவியல் பூங்கா, அத்தை லண்டனில் இருந்தால் லண்டன் கோபுரம், இலங்கையில் யாராவது இருந்தால் சிகிரியா. மூன்றுமே பட்டியலில் உள்ளவை. அட்டையை உறையில் போடாமல், தபால்தலை ஒட்டி அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஊர் முத்திரையும் தேதியும் சேர்ந்தால்தான் அட்டைக்கு அழகு. ஆனால், முன்பின் தெரியாதவர்களுக்கு உங்கள் முகவரியைக் கொடுக்கக் கூடாது. பெரியவர்களைக் கேட்டே எதையும் செய்யுங்கள்.

நம் நாட்டிலும் சில ஊர்த் தபால் நிலையங்களில் அந்த ஊரின் சிறப்பைக் காட்டும் பட முத்திரை குத்துகிறார்கள். சுற்றுலா போகும்போது கேட்டுப் பாருங்கள். சென்னை அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்தில் தபால்தலை சேகரிப்போருக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு விடுமுறையில் அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு போய் வாருங்கள்.

அட்டையைப் பசை தடவி நோட்டில் ஒட்டிவிடாதீர்கள்! பின்பக்கம் எழுதிய செய்தியும் முத்திரையும் மறைந்துவிடும். கண்ணாடித்தாள் உறையில் போட்டு வையுங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று செய்தி எழுதுங்கள்: எங்கே இருக்கிறது, யார் உருவாக்கியது, உங்களைக் கவர்ந்தது எது. மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு அட்டை என்றால், தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் தேடிக் கண்டுபிடித்து எழுதுங்கள். நூறு அட்டை வைத்திருப்பதைவிடப் பத்து அட்டையைப் பற்றிப் பேசத் தெரிந்திருப்பதே பெருமை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், வீல் அண்ட் க்ளைன் போன்ற நிறுவனங்கள் நம் நகரத்தின் காட்சிகளை அஞ்சலட்டைகளாக வெளியிட்டன. அன்றைய அட்டைகளில் இடம்பெற்ற கட்டடங்களில் ஒன்று மூர் மார்க்கெட். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே 1900இல் திறந்த சிவப்பு நிறச் சந்தை அது. பழைய புத்தகம் முதல் பறவைகள் வரை அங்கே கிடைக்காதது இல்லை என்பார்கள். 1985இல் தீ விபத்தில் அது அழிந்தது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகளை இன்றும் காணலாம். தாய்மரத்தைப் பழைய படங்களில் மட்டுமே காண முடியும்.

புயலை நாம் தடுக்க முடியாது. ஆனால், கல்லில் ஆணியால் பெயர் கிறுக்குவதைத் தடுக்கலாம் அல்லவா? கைவிரித்துத் தாங்கி நிற்கும் தூண்மீது "குமார், 8ஆம் வகுப்பு" என்று செதுக்குவது வீரமா? அந்தச் சிற்பி ஆயிரம் ஆண்டு கழித்தும் நாம் பார்க்க வேண்டும் என்று செதுக்கினாரே, அவர் தம் பெயரை அங்கே எழுதவில்லையே! சிற்பத்தின்மேல் ஏறி நின்று படம் எடுப்பதும், கோயில் குளத்தில் பிளாஸ்டிக் பையை எறிவதும் இதே தவறுதான். நண்பர்கள் செய்தால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளமும் சாந்தோம் தேவாலயமும் யுனெஸ்கோ பட்டியலில் இல்லை. ஆனாலும் அவை நம் சொத்து. உங்கள் தெருவுக்குப் பக்கத்திலும் அப்படி ஒன்று இருக்கும். தபால் நிலையத்தில் ஒரு சாதா கார்டு வாங்குங்கள். முகவரி எழுதாத பக்கத்தில் அந்த இடத்தை நீங்களே வரையுங்கள். வேறு ஊரில் இருக்கும் தாத்தா, பாட்டிக்கோ நண்பனுக்கோ அனுப்புங்கள். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினம். அதற்குள் பத்து அட்டைகளாவது சேர்த்து வகுப்பில் ஒரு சிறு கண்காட்சி வையுங்கள்.

அட்டை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அட்டையில் உள்ள இடம் வெயிலிலும் மழையிலும் நம்மை நம்பி நிற்கிறது. இரண்டையும் காப்பவரே உண்மையான சேகரிப்பாளர். நீங்கள் அப்படி ஆவீர்கள்தானே?