அழைப்புக்குறிக் குழப்பம் காதின் குற்றமா?

ஒரு விமானிக்குரிய கட்டளையை இன்னொரு விமானி ஏற்றுக்கொண்டால், பழி பெரும்பாலும் கேட்டவரின் கவனத்தின் மீதோ பேசியவரின் உச்சரிப்பின் மீதோ விழுகிறது. மொழியியல் நோக்கில் இத்தீர்ப்பு போதாது. குழப்பத்தின் வேர் அழைப்புக்குறிகள் ஆக்கப்படும் முறையிலேயே இருக்கிறது.

பெயரின் முதற்பணி வேறுபடுத்துதல். பயணிகள் விமானத்தின் அழைப்புக்குறியில் இரு கூறுகள் உண்டு: நிறுவனத்தைச் சுட்டும் சொல், அதையடுத்துப் பயண எண். பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ‘ஸ்பீட்பேர்ட்’, இண்டிகோவுக்கு ‘ஐஃப்ளை’. பல நிறுவனங்களின் விமானங்கள் கலந்து பறக்கும் வானில் முற்கூறே பாதி வேலையைச் செய்துவிடும். இந்தியாவிலோ உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தின் விமானங்களில் செல்கின்றனர். ஊரில் பாதிப்பேர் முருகன் என்றால் ‘முருகா’ என்றழைத்துப் பயனில்லை. யாருடைய மகன் என்றும் சொல்லியாக வேண்டும். அவ்வாறே இங்கு வேறுபடுத்தும் சுமை முழுவதும் எண்களின் மேல் விழுகிறது.

எண்களுக்கு அச்சுமையைத் தாங்கும் வலு குறைவு. வாக்கியத்தில் ஒரு சொல் கேட்காமற்போனால் சூழல் அதை மீட்டுத்தரும். ‘275’ என்பதில் நடு இலக்கம் மறைந்தால் அதை மீட்க எந்த இலக்கணமும் இல்லை. 275, 725 ஆகியவற்றில் இலக்கங்கள் அவையே. வரிசை மட்டுமே வேறு. ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டிலும் உயிரொலி ஒன்றே என்பதால், சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அவற்றை ‘ஃபைஃப்’, ‘நைனர்’ என ஒலிக்க விதித்தது. ஒலி மயக்கத்துக்கு இது நல்ல மருந்து. வரிசை மயக்கத்துக்கு மருந்தாகாது.

கட்டளையை விமானி திருப்பிச் சொல்வது ஓர் அரண். அதிலும் விரிசல் உண்டு. இறங்கும் அனுமதியை எதிர்நோக்கியிருக்கும் விமானிக்கு ஒத்த குறி தம்முடையதாகவே கேட்கும். சொன்ன எண்ணே திரும்பி வரும் என எதிர்பார்க்கும் கட்டுப்பாட்டாளருக்கும் அப்படியே. இருவர் ஒரே நொடியில் பதிலளித்தால், ஒரு குரல் மற்றதை மறைத்துவிடும்.

1996 நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். அங்கே பிழை அழைப்புக்குறியில் நேரவில்லை. கசகஸ்தான் விமானக் குழுவினரின் ஆங்கிலக் குறைபாடு பெரிதும் பேசப்பட்டது. பின்னர் ஆங்கிலத் தேர்ச்சி சர்வதேச விதியாயிற்று. அவ்விதி தேவையானதே. ஆயினும் 275ஐயும் 725ஐயும் மாற்றிக் கேட்பதை மிக உயர்ந்த தேர்ச்சியும் தடுத்துவிடாது.

தீர்வு பெயரிடுதலில் இருக்கிறது. பயணச்சீட்டின் எண்ணே அழைப்புக்குறியாக வேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஐரோப்பாவில் எண்ணும் எழுத்தும் கலந்த குறிகள் பெருவழக்கு. கால அட்டவணைகளை ஒப்பிட்டு ஒத்த குறிகளை முன்னதாகவே கண்டறியும் மென்பொருளை யூரோகண்ட்ரோல் வழங்குகிறது. எழுத்துகளும் குழப்பலாம் என்னும் மறுப்பில் ஓரளவே உண்மையுண்டு. ‘பி’, ‘டி’ என்பன மயங்கும். ‘பிராவோ’, ‘டெல்டா’ என்பன மயங்குவதரிது.

இச்சொற்பட்டியல் தற்செயலாகப் பிறந்ததன்று. இதற்கான தொடக்க ஆய்வை மேற்கொண்டவர் மொன்றியால் பல்கலைக்கழக மொழியியலாளர் ழான்-போல் வினே; இறுதி வடிவம் 1956இல் நடைமுறைக்கு வந்தது. பல தாய்மொழியினர் ஒரே அலைவரிசையில் ஆங்கிலம் பேசும் இந்தியாவில், எவ்வெண்கள் எவர் காதில் மயங்குகின்றன என்பதை அளந்து சொல்வது இந்நாட்டு ஒலியியல் துறைகளின் கடமை. அவ்வளவீடு கிடைத்தால், விமானியைக் கண்டிப்பதற்கு முன் குறியைத் திருத்தலாம்.