உரைக்கூடு உரையாகாது

நூற்பா செய்வோன் சுருங்கச் சொல்வான். உரை செய்வோன் அதன் உட்பொருளை விளங்கச் சொல்வான். இளம்பூரணர் முதலாய உரையாசிரியர்கள் இலராயின், தொல்காப்பிய நூற்பாக்கள் பல நமக்குப் பூட்டிய பெட்டிகளாகவே இருந்திருக்கும். கணினிக்கு நிரல் எழுதும் நம் இளைஞர்க்கும் இவ்வுண்மை பொருந்தும்.

1991-இல் கைடோ வான் உரோசம் வெளியிட்ட பைத்தான் என்னும் நிரல்மொழியில் உரைக்கென்றே ஓர் இடம் உண்டு. செயற்கூற்றின் தலைப்பு வரிக்கு அடுத்து, மும்மைப்பட்ட மேற்கோட்குறிகளுக்குள் எழுதும் விளக்கத்தை அம்மொழி அச்செயற்கூற்றோடு பிணைத்தே வைத்துக்கொள்ளும். கேட்டார்க்கு எடுத்துக் காட்டும். அவ்வுரை எழுதும் முறைமை 2001-இல் வகுக்கப்பெற்றது. 2008-இல் வெளிவந்த சுபிங்சு என்னும் கருவி, அவ்வுரைகளைத் திரட்டி நூலாகவே ஆக்கித் தரும்.

இன்றோ, நிரல் எழுதும் திருத்தியே அவ்வுரையைத் தொடங்கிக் கொடுத்துவிடுகின்றது. பைச்சார்ம் போலும் திருத்திகளில் அக்குறிகளை இட்டு நுழைவு விசையை அழுத்திய அளவில், அளபுருக்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். கைவருத்தம் குறைக்கும் இவ்வுதவியை யாம் பழிக்கவில்லை. ஆனால், வந்து நிற்பது உரையன்று, உரைக்கூடு. அதனை நிரப்பாமலே விட்டுவிடுவதும், 'நாட்கள்' என்னும் பெயருக்கு எதிரே மீண்டும் 'நாட்கள்' என்றே எழுதி அமைவதும் உரையாகுமா?

காண்டிகையுரைக்குக் கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு என்னும் மூன்றும் வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. திருத்தி தருவது பொருள் கூறவேண்டிய சொற்களின் பட்டியலை மட்டுமே. மற்றவை எழுதுவோன் கடன்.

கூலி கணக்கிடும் செயற்கூறு ஒன்றைக் கொள்வோம். 'நாட்கள்' என்பது உழைத்த நாட்களா, கூலியோடு கூடிய விடுப்பும் சேர்ந்த நாட்களா? உரை இதனைச் சொல்லாதாயின், பின்னர் அந்நிரலை ஆள்பவன் தவறாகக் கொள்வான். உழைப்பாளியின் கூலி குறையும். நிரலைப் படித்துத் தாமே உரை வரையும் செயற்கை அறிவுக் கருவிகளும் இன்று உள்ளன. நிரல் செய்வதை அவை சொல்லக்கூடும். அது செய்யவேண்டியது யாது, ஏன் என்பன எழுதினவன் நெஞ்சில் மட்டும் இருப்பின், அவை எங்ஙனம் அறியும்? பிழைபட்ட நிரலுக்கும் அவை அழகிய உரை எழுதிவிடுமன்றோ?

ஆகவே, எடுத்துக்காட்டையும் உரையுள் எழுதுக. அதனை இயக்கிப் பார்த்து, விடை மாறுபடின் சுட்டிக்காட்டும் டாக்டெசுட்டு என்னும் கூறு பைத்தானிலேயே உள்ளது. நிரல் மாறியும் உரை மாறாமல் கிடக்கும் இழிநிலையை அது பெரிதும் தடுக்கும்.

இன்னுமொன்று. 2008-இல் வந்த பைத்தான் 3, ஒருங்குறி எழுத்தை இயல்பாகவே ஏற்பது. தமிழில் உரை எழுத எத்தடையுமில்லை. தமிழரே எழுதித் தமிழரே ஆளும் நிரலுக்கும் அரைகுறை ஆங்கிலத்தில் உரை எழுதுவானேன்? தெளிவாக எண்ணும் மொழியிலன்றோ தெளிவாக விளக்கவும் இயலும்?

இளைஞர்களே! கூட்டைத் திருத்தி கட்டட்டும். பொருளை நீங்கள் எழுதுங்கள்! அதனைத் தமிழில் எழுதுங்கள்!