பங்குனி உத்திரத்துக்கு நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள்?



ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. ஓட்டப்பிடாரம் வட்டாரத்தின் பூர்வகுடி நாங்கள்தான், மற்றவர்களெல்லாம் வந்தேறிகள் என்று ஒரு சாதியின் பெயரில் போட்டிருக்கிறது. மறுநாளே அதே வாசகம், வேறு கலர் கொடியோடு, இன்னொரு சாதியின் பெயரில் வந்தது. இரண்டையும் எனக்கு அனுப்பியது என்னிடம் படித்த பிள்ளைகள். ஒன்றை அனுப்பியது என் சொந்த மருமகன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கோபமாகவும்தான்.

ஒரே ஒரு கேள்வி. பங்குனி உத்திரத்துக்கு நீங்கள் குலசாமி கும்பிட எங்கே போகிறீர்கள்? எனக்குத் தெரிந்து நம் தெருவிலிருந்தே ஒரு வேன் தாமிரபரணிக் கரைக்குப் போகிறது, ஒன்று தேரிக்காட்டுக்கு, ஒன்று சாத்தூர்ப் பக்கம். சாஸ்தா அங்கே இருக்கிறார் என்றால் உங்கள் பூட்டன் அங்கிருந்து புறப்பட்டு வந்தவர் என்று அர்த்தம். சாமி உள்ளூரில்தான் இருக்கிறது என்பவர்கள், அது எந்த ஊரிலிருந்து பிடிமண் எடுத்து வந்து வைத்த கோயில் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். இத்தனை பேரும் வருஷம் தவறாமல் வண்டி பிடித்துப் போய்விட்டு வந்து, அடுத்தவனை வந்தேறி என்கிறீர்கள்!

நம்முடையது கரிசல். வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான். கோடையில் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நிலம் வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பல இடங்களில் கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர். இந்த மண்ணில் ஊர் உண்டாக வேண்டுமென்றால் முதலில் ஊருணியும் கண்மாயும் வேண்டும். மண் வெட்டியவர், சுமந்தவர், கரை போட்டவர், மடை காத்தவர், கலப்பை செய்த ஆசாரி, கொழு அடித்த கொல்லர், பானை வனைந்த குயவர், ஆடு கிடை போட்டு நிலத்துக்கு உரம் ஏற்றியவர் என்று எத்தனை பேர் கூடினால் ஒரு சோளக்காடு, ஒரு பருத்திக்காடு! இவர்களில் ஒருத்தரை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவரை அனுப்பினால் அந்த ஊர் ஒரு கோடைக்குத் தாங்காது.

புதியம்புத்தூர் என்ற பெயரைப் பாருங்கள். புதிது என்பது அதிலேயே இரண்டு தடவை வருகிறது. புதிதாக வந்து உட்கார்ந்தோம் என்று ஊரே சொல்லும்போது நீங்கள் எதை மறைக்கிறீர்கள்?

நீங்கள் எல்லோரும் படம் வைத்திருக்கிற கட்டபொம்மன் கதைக்கே வருவோம். வழிவழியாகச் சொல்லப்படுவது என்ன? அழகிய வீரபாண்டியபுரம் என்று பெயர் பெற்றிருந்த இதே ஓட்டப்பிடாரத்தில் ஜெகவீர பாண்டியனிடம் அமைச்சராக இருந்த கெட்டி பொம்மு, பெல்லாரியிலிருந்து வந்தவர். அந்த வம்சத்தில் வந்தவர்தான் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கில் தொங்கினார். பெல்லாரி எங்கே, கயத்தாறு எங்கே! அவரோடு நின்ற சுந்தரலிங்கம் நம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர். இவர் யார், நீ யார் என்று அன்றைக்கு அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் பானர்மேன் படைக்கு வேலையே இருந்திருக்காது.

1801-ல் கும்பினிக்காரன் கோட்டையைத் தரைமட்டமாக்கி, பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே வரைபடத்தில் இல்லாமல் ஆக்கினான். நிலம் எட்டயபுரம் முதலான பாளையங்களுக்குப் போனது. சனங்கள் சிதறினார்கள், பின்னால் வேறு சனங்கள் வந்தார்கள். இன்று நாம் பார்க்கிற ஊர்கள் பலவும் இப்படிக் கலைந்து கூடியவைதான். வெள்ளைக்காரப் படையினருக்குக் கோட்டைக்குப் பக்கத்தில் கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்கள் எங்கே விழுந்தார்கள் என்பதற்கு ஒரு கல்லைக் காட்டுங்கள் பார்ப்போம்.

நெப்ராஸ்காவில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன், தன் கவுண்டியின் குடியேற்ற வரலாற்றை எனக்கு அனுப்பினான். 1862 சட்டப்படி ஆளுக்கு 160 ஏக்கர், எந்தக் குடும்பத்துக்கு எந்தத் துண்டு என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கு நமக்கு வேண்டும். ஆனால் அங்கே முந்தியே இருந்த பாவ்னி, ஓமாகா மக்களுக்கு அதில் இரண்டு வரிதான். முதல் குடி என்று பேசுகிறவர்கள் எங்கேயும் இப்படித்தான் கணக்கெழுதுகிறார்கள்.

இளம்பிள்ளைகளுக்கு ஒன்று தெரியாது. 1986-ல் பிறந்த நம் மாவட்டத்துக்கு, ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. பெயர் இருந்தது. சிதம்பரனார் மாவட்டம். 1997-ல் விருதுநகர்ப் பக்கம் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குச் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். கலவரம், சாவு. கடைசியில் அரசு எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டது. கட்டபொம்மன் பஸ்ஸும் போயிற்று, சிதம்பரனார் மாவட்டமும் போயிற்று. கப்பல் ஓட்டியவரின் பெயரைச் சொந்த மண்ணிலிருந்து இறக்கியது வெள்ளைக்காரன் இல்லை. இன்று நீங்கள் ஃபார்வர்டு செய்கிற அதே பேச்சுதான். அன்றைக்கு நோட்டீஸாக வந்தது, இன்று போனில் வருகிறது. இரண்டாவது தடவை செத்துப்போவது பெயராக மட்டும் இருக்காது என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

வரலாற்றில் அக்கறை இருப்பவர்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்க் கண்மாய்க்குப் பெயர் என்ன, மடைகள் எத்தனை, உங்கள் வீட்டார் எந்த ஊரிலிருந்து எத்தனை தலைமுறைக்கு முன் வந்தார்கள், என்ன காரணத்துக்கு வந்தார்கள் என்று எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். பஞ்சமா, பாளையக்காரர் கொடுமையா, அண்ணன் தம்பி சண்டையா, எதுவானாலும் எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன். பழக்கம்தானே.

மருமகனே, அந்தப் படத்தை முதலில் நீங்கள் அழியுங்கள். கீழே சாதிப் பெயரோடு சண்டைக்கு வருகிற பின்னூட்டங்களை நான் அழித்துவிடுவேன், யார் எழுதினாலும்.