22.4 லிட்டர், எந்த அழுத்தத்தில்?

பதினோராம் வகுப்பு வேதியியலிலிருந்து பருப்பொருளின் நிலைமைகள் அலகை 2022இல் என்சிஇஆர்டி முழுதாக எடுத்தது. கொரோனாக் காலத்துப் பாடச்சுமைக் குறைப்பு என்றார்கள். பள்ளிகள் சீரானதும் அலகு திரும்பிவிடும் என்று நம்பி நாமும் பேசாமல் இருந்தோம். திரும்பவில்லை. 2024ஆம் ஆண்டின் நீட், ஜேஇஇ முதன்மைத் தேர்வுப் பாடத்திட்டங்களிலும் அந்த அலகு இல்லாமல் போனது. இனியும் மௌனம் தகாது. அந்த அலகு திரும்ப வேண்டும் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

அலகை நீக்கியதால் சுமையும் குறையவில்லை. வெப்ப இயக்கவியலில் என்தால்பிக்கும் அக ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை எழுத, சமநிலையில் கேபி, கேசி மதிப்புகளை இணைக்க, நல்லியல்பு வாயுச் சமன்பாடு வேண்டும். ரௌல்ட் விதியும் ஹென்றி விதியும் பகுதி அழுத்தத்தின் மேல் நிற்கின்றன. டால்டனை மட்டும் எடுத்துவிட்டார்கள். முன்பு ஒரு முறை ஒழுங்காக நடத்தியதை இப்போது மூன்று இடங்களில் அரைகுறையாகச் சொல்லிக் கடக்கிறோம்.

என்னை அதிகம் வருத்துவது மோலார் கனஅளவு. ஐயூபேக் 1982இல் திட்ட அழுத்தத்தை 1 வளிமண்டலத்திலிருந்து 1 பாருக்கு மாற்றியது. 22.414 லிட்டர் 22.711 ஆனது. இரண்டும் 273.15 கெல்வினுக்கு உரியவை. வேறுபாடு அழுத்தத்தில் மட்டுமே. நீக்கப்பட்ட அலகுதான் புதிய மதிப்பையும் பழைய வரையறையையும் அருகருகே வைத்து விளக்கியது. அது போனபின் மாணவர் கையில் மிஞ்சியிருப்பது நிபந்தனை ஏதும் இல்லாத ஓர் எண். 'ஒரு மோல் வாயு என்றால் 22.4' என்று ஒப்பிக்கிறார்கள். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் புறத்தேர்வராக இருந்தேன். 24.3 மில்லிகிராம் மெக்னீசியம் நாடா, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், தலைகீழாகக் கவிழ்த்த பியூரெட். நீரின் மேல் சேர்ந்த ஹைட்ரஜன் 26 மில்லிலிட்டர் என்று ஒரு மாணவி எழுதினாள். பக்கத்தில் நின்ற ஆசிரியர் தலையசைத்தார். அவள் அதை அழித்துவிட்டு 22.4 என்று எழுதினாள்.

அவள் முதலில் எழுதியதுதான் சரி. அன்றைய அறை வெப்பநிலை 30 டிகிரி. 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மில்லிமோல் உலர் வாயு 24.9 மில்லிலிட்டர் இருக்கும். நீராவியின் பங்கு ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசம். அதை 760இலிருந்து கழித்துக் கணக்கிட்டால் 26 வரும். சார்லஸ், டால்டன் இருவரும் அந்த பியூரெட்டுக்குள்ளேயே இருந்தார்கள். உதகையில் இதே சோதனையைச் செய்தால் அழுத்தம் முக்கால் வளிமண்டலத்தை ஒட்டியே இருக்கும். கனஅளவு இன்னும் கூடும். அந்தக் குழந்தையை அன்று நான் அழைத்துப் பேசவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் இருக்கிறது.

ஆய்வகத்தில் கண்ணால் கண்டதை அழிக்கப் பழகிய பிள்ளை பிறகு எந்த அளவீட்டை நம்பும்? பாடத்திட்டத்தை வெட்டியவர்கள் இதை எண்ணிப் பார்த்தார்களா? வகுப்பில் நிற்கும் நம்மை யார் கேட்டார்கள்? தேர்வில் இல்லை என்பதற்காகப் பாடம் போகிறது, பாடத்தில் இல்லை என்பதற்காகத் தேர்விலிருந்தும் போகிறது. ஒவ்வொரு அமைப்பும் அடுத்ததைக் கைகாட்ட, பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. வாயுவைத் தொடாமல் மயக்கவியலுக்கும் நுரையீரல் மருத்துவத்துக்கும் மாணவரை அனுப்பப் போகிறோமே என்ற கவலை மருத்துவத் தேர்வை வகுப்போருக்கு வந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆறாம் அலகாக வாயு நிலைமை இருக்கிறது. நீட்டுக்கு வேண்டாம் என்று அதைத் தாண்டிச் செல்லும்படி பெற்றோரும் பயிற்சி மையங்களும் நம்மை நெருக்குவார்கள். தாண்ட வேண்டாம். வெப்ப இயக்கவியலுக்கு முன், பாடநூலில் உள்ள வரிசையிலேயே நடத்துங்கள். மெக்னீசியம் சோதனையைச் செய்யவிட்டு, அறை வெப்பநிலையையும் அன்றைய காற்றழுத்தத்தையும் முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். 26 என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.