உறையில் எதைப் பார்ப்பது?

இருபதாயிரம் ரூபாய் கைபேசியை வாரக்கணக்கில் விசாரித்து வாங்குகிறவர்கள், அதற்கான உறையை மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ரயில் நிலைய வாசலில் இரண்டே நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். நிறம் பிடித்திருந்தால் போதும். நிறமா அடியைத் தாங்கப் போகிறது?

கைபேசி மூலை இடிபட விழுவதுதான் ஆபத்து. மொத்த அடியும் ஒரே புள்ளியில் இறங்கிக் கண்ணாடி விளிம்பில் பாய்கிறது. எனவே உறையில் முதலில் பார்க்க வேண்டியவை நான்கு மூலைகள். அங்கே சற்றுத் தடிப்பாகவும், கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்குவதாகவும் இருக்க வேண்டும். கல் மாதிரி இருக்கும் உறை அடியை அப்படியே உள்ளே அனுப்பிவிடும். அடுத்து, உறை மாட்டிய கைபேசியை மேஜைமேல் குப்புற வைத்துப் பாருங்கள். திரை மேஜையைத் தொட்டால் அந்த உறை வேண்டாம்.

'ராணுவத் தரம்' என்ற முத்திரையைக் கண்டு மயங்கவும் வேண்டாம். அமெரிக்க ராணுவத்தின் 810 எண் சோதனை முறைப்படி 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 தடவை போடுகிறார்கள் - கான்கிரீட்டின் மேல் விரித்த ஒட்டுப்பலகையில். நம் வீட்டுத் தரையோ கிரானைட். தவிர, ராணுவம் எந்த உறைக்கும் சான்றிதழ் தருவதில்லை. கம்பெனிகள் தாமே சொல்லிக்கொள்வதுதான்.

மும்பைக்காரர்களுக்குத் தோல் உறை என்ற சபலம் வேறு. தாராவியில் சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலை நெடுகத் தோல் கடைகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய பதனிடும் தொழிலின் வாரிசுகள் இவை. பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போய்விட்டன. வெட்டுவதும் தைப்பதும்தான் மிச்சம். காளை, எருது அறுப்பையும் தடை செய்த 2015ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் ஓர் அடி.

ஆனாலும் கைபேசிக்கு என் ஓட்டு தோலுக்கு இல்லை. மெல்லிய தோல் மூலை அடியைத் தாங்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் ஊறிப் பூசணம் பிடிக்கும். காந்த மூடி வைத்த ரகமானால் கைபேசியின் திசைகாட்டி தடுமாறலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'டி.பி.யு.' உறையே மேல். நாளாக நாளாக மஞ்சளாகும், ஆகட்டும். மழையில் நனைந்து வந்தால் கழற்றித் துடையுங்கள். உள்ளே மாட்டிய மணல் கைபேசியின் முதுகைக் கீறும்.

டேப்லெட் விஷயம் வேறு. அது பையில் கிடப்பது. விழுவதைவிடச் சாவி, பேனாவுடன் உரசுவதே அதிகம். அதற்குத் தோல் உறை கச்சிதம். இன்னொரு லாபமும் உண்டு. டேப்லெட் ஏழெட்டு வருடம் உழைக்கும், அந்த மாடலுக்கான உறையோ சீக்கிரமே கடையில் கிடைக்காது. பிளாஸ்டிக்கை வார்க்க அச்சு வேண்டும், ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அச்சுக்குக் கட்டும். தோலுக்குக் காகித அளவும் கத்தியும் போதும், ஒன்றே ஒன்றுகூடத் தைக்கலாம். தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. இப்படி ஒற்றை உருப்படி தைக்கும் சின்னப் பட்டறைகளுக்குப் புதிய தாராவியில் இடம் உண்டா என்பதுதான் அங்குள்ளவர்களின் கவலை.

தைக்கக் கொடுக்கும்போது அளவை எழுதிக் கொடுக்காமல் டேப்லெட்டையே கொண்டுபோங்கள். காமிரா, ஸ்பீக்கர் துளைகளை வைத்துப் பார்த்து வெட்டட்டும். தோலின் வெட்டு விளிம்பையும் கவனியுங்கள்: நார் தெரிந்தால் தோல், துணி தெரிந்தால் ரெக்ஸின்.