யாருக்கு மூளை, யாருக்கு மலக்குழி?

பொறியியல் கல்லூரிகளில் ஒரு பேச்சு மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது: "அவனுக்கு மூளை இருக்கு." கூடவே அதன் மறுபாதியும் வரும்: "இவன் கோட்டால வந்தவன்." முதல் செமஸ்டர் முடிவதற்குள், ஒரு டிசைன்கூட வரைந்து பார்க்காமலேயே, இந்த இரண்டு பட்டியலும் தயாராகிவிடுகின்றன. லேபில் யார் மெஷின் முன்னால் நிற்பது, யார் ரெக்கார்ட் நோட்டு எழுதுவது? ப்ராஜெக்டில் யார் முடிவெடுப்பது, யார் பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட்டு வருவது? நான்கு ஆண்டுகளும் அந்தப் பட்டியலின்படியே நடக்கிறது.

இதை நம் மாணவர்களின் மனம் புண்படும் விஷயமாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. மனம் புண்படுவது உண்மைதான். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அறிவு சிலருக்குப் பிறப்பிலேயே வாய்த்துவிடுகிறது என்று நம்புகிற வகுப்பறை மோசமான பொறியாளர்களை உருவாக்குகிறது. அவர்கள் போடும் வரைபடங்களுக்குள் இறங்கிச் சாகிறவர்கள் நம் மக்கள். இந்தத் தொடர்பைத்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் அந்த நம்பிக்கையைப் பார்ப்போம். அறிவைப் பற்றி மனிதர்கள் இரண்டு விதமாக நம்புகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் கரோல் ட்வெக் நீண்டகால ஆய்வுகளின் வழியே சொன்னார். ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்தது அறிவு, அது மாறாது என்பது ஒரு நம்பிக்கை. உழைப்பாலும், நல்ல வழிமுறையாலும், பிறர் உதவியாலும் அது வளரும் என்பது இன்னொன்று. 2015-ல் சாரா ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் முதலியோர் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 'இங்கே ஜெயிக்கப் பிறவித் திறமை வேண்டும்' என்ற எண்ணம் எந்தத் துறைகளில் அதிகமோ, அந்தத் துறைகளில் முனைவர் பட்டம் பெறும் பெண்களும் கறுப்பின மக்களும் குறைவாக இருந்தார்கள். 2019-ல் வந்த மற்றொரு ஆய்வு, ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அறிவியல், பொறியியல், கணிதப் பேராசிரியர்கள் 150 பேரையும் அவர்களிடம் படித்த 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்களையும் எடுத்துக்கொண்டது. அறிவு மாறாதது என்று நம்பும் ஆசிரியர்களின் வகுப்புகளில், ஒடுக்கப்பட்ட இனங்களின் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி இரண்டு மடங்காக இருந்தது. ஆசிரியர் எதை நம்புகிறார் என்பது மாணவரின் மார்க் ஷீட்டில் வந்து விழுகிறது.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. அறிவு பிறப்பால் வருவது என்ற கோட்பாட்டுக்கு இந்த மண்ணில் வர்ணம் என்று பெயர். உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய பரிசோதனையை ஒவ்வொரு மாணவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உயர்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த 321 சிறுவர்கள், தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த 321 சிறுவர்கள். காகிதத்தில் வரைந்த புதிர்வழிகளுக்கு விடை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யார் என்ன சாதி என்று வெளியே சொல்லாதபோது இரு பிரிவினருக்கும் வித்தியாசமே இல்லை. சாதியை எல்லோர் முன்னும் அறிவித்ததும் பெரிய இடைவெளி விழுந்தது. சிறுவர்கள் அதே மாதிரிச் சிறுவர்கள், புதிரும் அதே மாதிரிப் புதிர். நடுவில் மாறியது ஒரு அறிவிப்பு மட்டுமே. நம் கல்லூரிகளில் அந்த அறிவிப்பு கவுன்சிலிங் பட்டியல், ஸ்காலர்ஷிப் படிவம், "உன் கட் ஆஃப் எவ்வளவு?" என்ற கேள்வி என்று நான்கு ஆண்டுகளும் நடந்துகொண்டே இருக்கிறது.

அந்தக் கட் ஆஃப்தான் எதை அளக்கிறது? கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே சரியான விடை. அது வினாத்தாளிலேயே ஒளிந்திருக்கிறது. டிசைன் வேலை இப்படிப்பட்டதல்ல. ஒரு பாலத்துக்கோ, பம்புக்கோ, செயலிக்கோ ஒரே விடை கிடையாது. செலவைக் குறைத்தால் ஆயுள் குறையும். எடையைக் குறைத்தால் வலு குறையலாம். எதை விட்டுக்கொடுப்பது, எதை விடவே கூடாது என்று முடிவெடுப்பதுதான் டிசைன். அதற்கு நிறையப் பேரைக் கேட்க வேண்டும், மாதிரி செய்து பார்க்க வேண்டும், உடைய வேண்டும், திரும்பச் செய்ய வேண்டும். 200-க்கு 198 எடுத்தவருக்கு இதெல்லாம் தானாக வந்துவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

எதிரான ஆதாரம்தான் உண்டு. 1991-ல் ஜான்சன், ஸ்மித் என்ற இருவர் பொறியியல் மாணவர்களையும் தொழில்முறைப் பொறியாளர்களையும் வைத்துச் சில பரிசோதனைகளை வெளியிட்டார்கள். சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்க வேண்டும்; ஸ்ட்ராவோ வாய்க்குழலோ வைக்கக் கூடாது. சிலருக்கு மட்டும் ஒரு மாதிரிப் படம் காட்டப்பட்டது. அந்தப் படத்தில் ஸ்ட்ரா இருந்தது. 'கூடாது' என்று சொல்லியும், படம் பார்த்தவர்கள் பலர் ஸ்ட்ராவையே திரும்ப வரைந்தார்கள். முன்னால் பார்த்த வடிவத்தில் மனம் சிக்கிக்கொள்கிறது, அதன் குறையும் சேர்ந்தே நகலாகிறது. இதிலிருந்து வெளிவர உதவுவது வேறுபட்ட அனுபவமும் துணிச்சலான கேள்வியும். ஆனால் 'மூளைக்காரர்' என்று முத்திரை குத்தப்பட்டவரின் முதல் யோசனையை எந்த டீமில் யார் கேள்வி கேட்கிறார்கள்? கேட்கத் தெரிந்தவர் ரெக்கார்ட் நோட்டு எழுதிக்கொண்டிருப்பார்.

இப்போது வரைபடங்களுக்கு வருவோம்.

இந்திய ரயில் பெட்டியின் கழிப்பறை பல பத்தாண்டுகள் எப்படி இருந்தது? கீழே ஒரு துளை. மலம் தண்டவாளத்தில் விழும். அதோடு வரைபடம் முடிந்துவிட்டது. ரயில் நிலையத்தில் நிற்கும்போது விழுவதை யார் அள்ளுவது என்ற கேள்விக்கு வரைபடத்தில் விடை இல்லை, ஆனால் வரைந்தவர்களுக்குத் தெரியும். அந்த அமைப்பின் கடைசி உதிரிபாகம் ஒரு மனித உடல், அதுவும் குறிப்பிட்ட சாதியைச் சேர்ந்த உடல். டி.ஆர்.டி.ஓ.வுடன் சேர்ந்து உருவாக்கிய உயிரிக் கழிப்பறைகள் 2010-களில்தான் பெட்டிகளில் பரவலாகப் பொருத்தப்பட்டன. அதுவரை ராக்கெட் விட்ட நாட்டுக்கு மூளை இல்லாமலா இருந்தது? இந்தக் கேள்வியை மேசையில் வைக்க ஆள் இல்லாமல் இருந்தது.

பாதாள சாக்கடையும் அப்படித்தான். 'மேன்ஹோல்' என்ற பெயரே மனிதன் இறங்குவதற்கான துளை என்கிறது. அடைப்பு எடுக்க ஆள் இறங்குவார் என்று வைத்துக்கொண்டே அளவு போடுகிறார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் என்பது முதலாண்டு வேதியியல். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. 1993-க்குப் பின் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு மூன்று மடங்காகிவிட்டது, மலக்குழி மரணங்கள் நிற்கவில்லை.

மாற்று வடிவம் முடியாதா என்றால், முடியும். 2018-ல் கேரளத்தின் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' என்ற ரோபோ திருவனந்தபுரத்தில் சாக்கடைக் குழிக்குள் இறங்கியது. அந்த இளைஞர்கள் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தவர்கள் அல்லர். மலப்புரம் மாவட்டத்தின் குற்றிப்புறத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். ரோபோ ஒன்று வந்துவிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆள் இறங்கியே ஆக வேண்டும் என்பது இயற்கை விதி அல்ல, யாரோ எடுத்த முடிவு என்பதை அது நிரூபித்தது.

ஒதுக்கப்பட்டவர்கள் மேசையில் இல்லாவிட்டால் நல்ல நோக்கமுள்ள கருவிகூடத் தவறும். கொரோனா காலத்தில் எல்லா வீட்டுக்கும் வந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் வழியே ஒளியைச் செலுத்தி அளக்கும் அந்தக் கருவி, கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையரிடம் நடப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020-ல் அமெரிக்க மருத்துவர்கள் கண்டார்கள். யார் தோலை நினைத்து ஒரு கருவி செய்யப்படுகிறது என்பது உயிர் சார்ந்த கேள்வி.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. 'அறிவு வளரும்' என்ற பேச்சை இப்போது பிளேஸ்மெண்ட் பயிற்சியாளர்களும் பிடித்துக்கொண்டார்கள். "மைண்ட்செட்டை மாத்துங்க, எல்லாம் சரியாகிடும்" என்று மேடையில் சொல்கிறார்கள். அப்படியென்றால் அரியர் வைத்தவன் மனநிலைதான் குற்றவாளி. ஆங்கிலத்திலேயே ஓடிய வகுப்பும், வைவாவில் ஊரையும் அப்பா தொழிலையும் விசாரித்த ஆசிரியரும் தப்பித்துவிடுவார்கள். ட்வெக்கும் இடம்பெற்ற ஆய்வுக்குழு 2019-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட பெரிய ஆய்வே இதற்குப் பதில் சொல்கிறது: அறிவு வளரும் என்று சொல்லிக்கொடுத்ததால் பின்தங்கிய பள்ளி மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, ஆனால் சிறிய அளவில்தான். சக மாணவர்களின் சூழல் அதற்கு இடம் கொடுத்த பள்ளிகளில்தான் பலன் நின்றது. விதை நல்லதாக இருந்தாலும் மண் வேண்டும். இட ஒதுக்கீடும், முதல் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீடும் அந்த மண். 2007 முதல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இல்லாமல் பொறியியல் சேர்க்கை நடப்பதும் அதில் சேரும்.

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாக மட்டுமே நமக்குக் காட்டியிருக்கிறார்கள். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1943-ல் தாமோதர் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளத்தைத் தடுத்தால் மட்டும் போதாது, பாசனம், மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்து முழு ஆற்றுப் படுகைக்கும் ஒரே திட்டம் வேண்டும் என்ற நிலைப்பாட்டை அவர் முன்னெடுத்தார். அவர் பொறியியல் படித்தவர் அல்லர். பிரச்சினையின் எல்லை எது, பலன் யாருக்கு என்று கேட்டவர். பின்னாளில் அந்த அணைகளுக்காக ஆதிவாசிகள் நிலத்தை இழந்தார்கள். கேட்காமல் விட்ட கேள்விக்கு யாரோ விலை கொடுப்பார்கள் என்பதற்கு அதுவும் சான்று.

எனவே தோழர்களே, அடுத்த ப்ராஜெக்டில் சிலவற்றைச் செய்து பாருங்கள். வேலைகளைச் சுழற்சியில் பிரியுங்கள். ரெக்கார்ட் எழுதியவர் அடுத்த மாதம் முடிவெடுக்கட்டும். எந்த யோசனையை ஏன் தேர்ந்தோம், ஏன் விட்டோம் என்று எழுதி வையுங்கள். 'அவன் சொன்னான்' என்பது காரணம் ஆகாது. பல யோசனைகளை ஒப்பிட ஓர் அட்டவணை போடச் சொல்லித் தருகிறார்களே, செலவு, எடை, நேரம் என்று மதிப்பெண் கொடுப்போமே, அதில் ஒரு வரி சேருங்கள்: இது அடைத்தால், உடைந்தால், நிரம்பினால் யார் கை வைப்பார்? அந்த வரிக்குப் பெரிய மதிப்பெண் கொடுங்கள். ரிவ்யூவில் ஆசிரியர் சிரித்தாலும் அழிக்காதீர்கள்.

சாதி நம் முன்னோர் மீது திணித்த தொழில்களைப் போற்ற வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால் செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்தால் என்ன நடக்கும் என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு வந்த மாணவர், அதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தவரைவிட அந்த டேங்கைப் பற்றிக் கூடுதலாகவே தெரிந்தவர். அவர் வகுப்பில் கை உயர்த்தட்டும். கோட்டாவில் வந்தோம் என்று தலை குனிய வேண்டாம். இத்தனை காலம் இந்த நாட்டின் வரைபடங்களில் விடுபட்ட கேள்வியோடு வந்திருக்கிறோம்.