விளையாட்டு வேலையாகுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்தில் நாம் அமர்ந்திருந்தபோது, ஒரு தாயும் மகனும் நம்மைக் காண வந்தனர். மகனுக்கு வயது இருபத்தெட்டு. அரிசி மண்டி ஒன்றில் கணக்கர். விடியுமுன் எழுந்து கிரிவலப் பாதையில் ஓடுவதும், மாலையில் வலை கட்டி வாலிபால் ஆடுவதும் தவறினால் அன்றிரவு அவருக்கு உறக்கம் வாராது என்பது பங்கில் யாவரும் அறிந்ததே. இப்போது தனியார் பள்ளியொன்று அவரைப் பயிற்சியாளராக அழைக்கின்றது. ஊதியமோ மண்டியில் பெறுவதினும் குறைவு. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் உள்ளனர்.

"சாமி, விளையாட்டு வயிற்றை நிரப்புமா? நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றார் தாயார்.

"பிடித்ததையே வேலையாகச் செய்வது நல்லதுதானே, சாமி?" என்றார் மகன்.

நாம் உடனே விடை கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், உதவிப் பங்குத்தந்தையாய் நாம் இருந்த ஊரில், பள்ளி வாலிபால் அணியைப் பழக்கும் பொறுப்பு நம்மீது விழுந்தது. குருமடத்தில் மாலைதோறும் ஆடியவர்களாதலின் எளிதென்றே எண்ணினோம். ஒரே மாதத்தில் உண்மை விளங்கியது. நாம் ஆடுவதற்கு அங்கு இடமே இல்லை. பந்தைத் தூக்கிப் போடுவதும், பிழை திருத்துவதும், விசில் ஊதுவதுமே வேலை. நமக்குத் தானாய் வந்த அடி ஒரு சிறுவனுக்கு ஏன் வரவில்லை என்பதை விளக்கிச் சொல்ல நமக்குத் தெரியவில்லை. தெரியாதபோது என்ன செய்தோம்? அதட்டினோம். ஒரு நாள் அவன் மைதானத்திற்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவன் முகத்தை நாம் இன்னும் மறக்கவில்லை.

பிறகு அவ்விளைஞரிடம் சென்னை ஆர்.பி. ரமேஷைப்பற்றிச் சொன்னோம். வாலிபாலுக்கும் சதுரங்கத்திற்கும் என்ன உறவு என்று அவர் விழித்தார். ஆட்டம் வேறாயினும் கேள்வி ஒன்றே. ரமேஷ் 2002இல் பிரிட்டிஷ் சாம்பியன்; 2003இல் கிராண்ட்மாஸ்டர்; 2007இல் காமன்வெல்த் சாம்பியன். அடுத்த ஆண்டே, முப்பத்திரண்டாம் வயதில், தம் துணைவியார் ஆர்த்தி ராமசாமியுடன் 'செஸ் குருகுல்' என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி, தம் ஆட்டத்தை ஓரம் வைத்தார். அவரிடம் பயின்ற பிரக்ஞானந்தா 2018இல், பன்னிரண்டு வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2023இல் உலகக் கோப்பையின் இறுதிவரை சென்றார். அதே ஆண்டு அக்காள் வைஷாலியும் அப்பட்டத்தை எட்டினார். 2022இல் மாமல்லபுரத்து ஒலிம்பியாடில் வெண்கலம் வென்ற இந்திய இளம் அணிக்கும் ரமேஷே பயிற்சியாளர்.

இவ்வெற்றிகளைவிட நம்மைச் சிந்திக்கவைத்தது வேறொன்று. சதுரங்கத்தில், ஆட்டம் தொடங்கியபின் எந்தக் காயை நகர்த்துவதென்று ஆசான் வாய் திறத்தல் ஆகாது. மாணவன் தவறான காயைத் தொடுகிறான் என்பது தெரிந்தாலும் பேசாதிருக்கவேண்டும். வாலிபாலிலோ ஒரு செட்டுக்கு இருமுறை, முப்பது விநாடியாவது, பிள்ளைகளை அழைத்துப் பேசலாம். ஆனால் பந்தை அடிப்பது அவர்களே.

"தம்பி, ஆடிய கை ஓரத்தில் கட்டிக்கொண்டு நிற்குமா? பிள்ளை அடித்த புள்ளிக்கு உன் நெஞ்சு குளிருமா?" என்று கேட்டோம். அவர் தரையைப் பார்த்தார்.

தாயாருக்கும் ஒரு சொல் சொல்லவேண்டியிருந்தது. விளையாட்டு கற்பிப்பது வீண்வேலை அன்று. ஹாரி பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய நாள்முதல் நம் நாட்டில் அது படித்துப் பெறும் தொழிலாகிவிட்டது. பாட்டியாலாவில் 1961இல் தோன்றிய தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்களுக்கென்றே பட்டயப் படிப்பு நடத்துகின்றது. ஆயினும் ஆட்டத் திறமையொன்றையே நம்பி அரசுப் பணியை எதிர்பார்த்தல் கூடாது. பட்டயம் வேண்டும், அதற்குப் பணமும் காலமும் வேண்டும். இதையும் மறைக்காமல் சொன்னோம்.

மண்டியை இப்போது விடவேண்டாம், காலையில் ஒன்பது மணிவரை பத்துப் பிள்ளைகளை முழுப் பரீட்சைவரை பழக்கிப் பார், வாரத்தில் ஒரு மாலையை உன் சொந்த ஆட்டத்திற்கென்று வைத்துக்கொள் என்றோம். "அது சரி, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை?" என்றும் கேட்டோம். தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்தப் போகிறவரை விட்டுவிட்டு நாம் மூவரும் முடிவெடுப்பதெங்ஙனம்!

சென்ற வாரம் விடியற்காலையில் மைதானத்தருகே நடந்தபோது அவரைக் கண்டோம். ஏழு பிள்ளைகள் வந்திருந்தனர். சர்வீஸ் போடவராத ஒரு சிறுமியின் பக்கத்தில் குனிந்துநின்று, பந்தை எந்த உயரத்தில் விடவேண்டும் என்று திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, இந்த வாரம் நான் ஒரு பந்தும் அடிக்கவில்லை" என்றார். வருத்தமா, மகிழ்ச்சியா, நமக்கு விளங்கவில்லை. பரீட்சை முடிந்ததும் மனைவியோடு வந்து முடிவு சொல்வதாகக் கூறினார்.